ஏழாவது கண்ணியும் இரண்டு கோப்புறைகளும்

‘இரண்டு கோப்புறைகளையும் ஒப்பிட்டேன், வேறுபாடு எதுவும் இல்லை.’

இந்த ஒரு வரிக்குக் கீழே நான் கையெழுத்திட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. நான் ஒப்பிட்டது உண்மை, வேறுபாடு இல்லாதிருந்ததும் உண்மை. அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நேர்மையான மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். ஓய்வுபெற்று வீட்டில் புத்தகங்களோடு அமைதியாக இருக்கிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த வரி நினைவுக்கு வரும் நாளில் என்னால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடிவதில்லை.

ஆவணக் கட்டுப்பாட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மென்பொருளை இயக்கும் விதத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நீங்கள் ஆயிரம் கோப்புகளை ஒப்பிட்டு முடித்துவிடுவீர்கள். ஒப்பிட்ட பிறகு என்ன எழுதுகிறீர்கள், அதை யார் எதற்காகக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஓர் இடத்தை மட்டும் திட்டிவிட்டு, நீங்கள் வேலை செய்யும் இடத்தைத் தப்பிக்க விட்டுவிடுவீர்கள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பாசிர் கூடாங்கில், பாரம் தூக்கும் சங்கிலிகளையும் கம்பிக் கயிறுகளையும் பரிசோதித்துச் சான்றிதழ் தருவது எங்கள் தொழில். தலைமை அலுவலகம் எல்லைப் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் இருந்தது. ஆய்வாளர்கள் வாடிக்கையாளரின் இடத்துக்கே போய்ச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அளந்து, திரும்பி வந்து கணினியில் பதிவார்கள். ஒரு சங்கிலிக்கு ஒரு கோப்பு. அந்தக் கோப்புகளெல்லாம் எங்கள் கணினியில் ஒரு கோப்புறையாகவும், சிங்கப்பூர்க் கணினியில் அதே பெயரில் இன்னொரு கோப்புறையாகவும் இருக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பது என் பொறுப்பு.

சனியும் ஞாயிறும் விடுமுறையாக இருக்கும் இன்றைய ஜொகூரில் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். அப்போது எங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. சிங்கப்பூருக்கோ எப்போதும்போல் சனியும் ஞாயிறும். வெள்ளிக்கிழமை நாங்கள் வீட்டில் இருக்கும்போது அவர்கள் வேலை செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேலை செய்யும்போது அவர்கள் ஓய்வில் இருப்பார்கள். ஆகவே வியாழன் மாலை எங்கள் கோப்புகளை அங்கே அனுப்புவேன். ஞாயிறு காலை வந்ததும் இரண்டு கோப்புறைகளையும் ஒப்பிடுவேன். வேறுபடுகிற கோப்புகளைத் திரை சிவப்பில் காட்டும். எதை வைத்துக்கொள்வது என்பதற்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன்: பிந்திய தேதியுள்ள கோப்பு முந்தியதை அழித்து அதன் இடத்தில் அமரும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். பிந்தியது சரியானதாகத்தான் இருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் நம்பினேன். அதை ஒரு நம்பிக்கை என்றுகூட நான் உணர்ந்ததில்லை. அவ்வளவு பழகிப்போயிருந்தது.

குமரேசன் எங்கள் ஆய்வாளர்களில் ஒருவர். நாற்பது வயதை நெருங்கியவர். மாசாயில் அடுக்குமாடியில் குடியிருந்தார். மோட்டார் சைக்கிளின் பெட்டியில் மழைச்சட்டை இருக்கிறதோ இல்லையோ, வெர்னியர் அளவுகோல் துணியில் சுற்றி இருக்கும். எண்களை எழுதும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுவார். அவருடைய ஏட்டில் அடித்தல் திருத்தல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை மதியம், நாங்கள் சான்றளித்த சங்கிலி ஒன்று வாடிக்கையாளரின் முற்றத்தில் அறுந்தது. ஒரு கட்டு இரும்புக் குழாய் லாரியின் மேல் விழுந்து ஓட்டுநர் இருக்கையை நசுக்கியது. ஓட்டுநர் தண்ணீர்ப் போத்தலை நிரப்புவதற்காக ஒரு நிமிடம் முன்புதான் கீழே இறங்கியிருந்தார். அந்த ஒரு நிமிடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

சங்கிலியைப் பதினொரு நாளைக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை, பரிசோதித்தவர் குமரேசன். கோப்பைத் திறந்தால் ‘தேர்ச்சி’ என்று இருந்தது. அவரோ நிராகரித்ததாகச் சொன்னார். ஏழாவது கண்ணி அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தது, சிவப்பு அட்டை கட்டிவிட்டு வந்தேன் என்றார். வாடிக்கையாளரிடம் விசாரித்ததில், அட்டை இருந்தது, சான்றிதழ் வந்ததும் அறுத்துப் போட்டுவிட்டோம் என்றார்கள். ஆனால் அந்தப் பதிலை யாரும் எழுதி வாங்கவில்லை.

மறுநாள் காலை மேலாளர் என் மேசைக்கு வந்தார். எங்களில் ஒருவர்தான், தமிழர், நன்றாகச் சிரித்துப் பேசுவார்.

“மேடம், ஒரு சின்ன வேல. நம்ம ஃபோல்டரையும் சிங்கப்பூர் ஃபோல்டரையும் செக் பண்ணி, டிஃபரன்ஸ் இருக்கா இல்லையான்னு ஒரே லைன்ல எழுதிக் குடுங்க.”

“எதுக்கு பாஸ்?”

“ஃபார்மாலிட்டி லா. நீங்க வாரா வாரம் பண்றதுதானே?”

வாராவாரம் செய்வதுதான். செய்தேன். திரையில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. ஒரே வரியில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, “பெர்ஃபெக்ட்” என்றார். என் வேலையைப் பற்றி அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் முறை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாறாக மகிழ்ந்தேன்.

அன்று மாலையே குமரேசனுக்குக் கடிதம் போயிற்று. கடமையில் கவனக்குறைவு, விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம், ஆய்வாளர் உரிமத்தை ரத்துசெய்யப் பரிந்துரைப்பது பரிசீலனையில் உள்ளது. காரணம் என்ற இடத்தில் என் வரியை வைத்தே எழுதியிருந்தார்கள்: ‘இரு அலுவலகங்களின் பதிவுகளும் வேறுபாடின்றித் தேர்ச்சி என்றே காட்டுகின்றன.’

புதன்கிழமை அவர் தன் பொருள்களை ஒப்படைக்க வந்தார். அடையாள அட்டை, தலைக்கவசம், நிறுவனத்தின் அளவுகோல் என ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். நான் பெற்றுக்கொண்டதாக எழுதினேன். அவர் போகவில்லை.

“அக்கா, நீங்கதானே சைன் பண்ணீங்க?”

“ஆமா.”

“ரெண்டும் ஒன்னுன்னு எழுதியிருக்கீங்க.”

“ஒன்னாத்தான் இருக்கு குமரேசன். நான் என்ன செய்ய?”

“ஞாயித்துக்கிழமை காலைல அத ஒன்னாக்குறதே நீங்கதானே அக்கா?”

அவர் மேசைமேல் வைத்த அளவுகோலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாது. இது தெரியும். இதே வெர்னியரால ஒரு கண்ணிய ரெண்டு தடவ அளந்துட்டு, ரெண்டு தடவயும் ஒரே நம்பர் வந்திச்சுன்னா, அதுக்காக வெர்னியர் சரியா இருக்குன்னு நான் எழுதிட முடியுமா? எழுதினா நீங்களே என்னைய ஏசுவீங்க. இன்னொரு வெர்னியர் வேணும்.”

“ஏழாவது கண்ணி எவ்வளவு வந்திச்சு?” என்று கேட்டேன். பத்து மில்லிமீட்டர் சங்கிலி அது. ஒன்பதுக்குக் கீழே தேய்ந்தால் நிராகரிக்க வேண்டும்.

“எட்டு புள்ளி ஏழு ரெண்டு.”

கோப்பில் ஒன்பது புள்ளி நான்கு ஆறு என்று இருந்தது. சொன்னேன்.

அவர் சற்று நேரம் வாய்க்குள் அந்த எண்ணைச் சொல்லிப் பார்த்தார். “இது எனக்குத் தெரிஞ்ச நம்பர் மாதிரி இருக்கு அக்கா. எங்கயோ நானே எழுதின நம்பர்” என்றார். பிறகு சலித்துக்கொண்டு, “அலாமாக், என்ன சொன்னாலும் யாரு நம்பப்போறா? வீட்டுல சொல்லல. இன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு வேலைக்குப் போறேன்னு கெளம்பி வந்து, கடலோரமா மோட்டார நிப்பாட்டிட்டு உக்காந்திருந்தேன்” என்றார்.

அவரை அப்படியே அனுப்பிவிட்டேன். ஆறுதலாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கோபம் வந்திருந்தது, அது என்மேல் வந்த கோபம்.

நான் படிப்பவள் என்பது என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பழைய நூல்களை ஏட்டுச்சுவடிகளிலிருந்து பதிப்பித்தவர்கள் பட்ட பாடுகளைப் படிப்பதில் எனக்குத் தனி ஈடுபாடு. அவர்கள் ஒரு சுவடியை இன்னொன்றோடு வைத்து, எங்கெங்கே பாடம் வேறுபடுகிறது என்று வரிவரியாகக் குறிப்பார்கள். இரண்டு சுவடிகள் எல்லா இடத்திலும் ஒத்துப்போனால் அவர்கள் மகிழ்வதில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதியிருப்பார்களோ என்றுதான் முதலில் ஐயப்படுவார்கள். அப்படியானால் கையில் இருப்பது இரண்டு சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி இரண்டு முறை பேசுகிறது. வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பென்சிலால் கோடிட்டுப் படித்த நான், அலுவலகத்தில் என் கையாலேயே ஒன்றின்மேல் ஒன்றை நகலெடுத்துவிட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று சான்று கொடுத்திருக்கிறேன். அதை அளவுகோலோடு வந்த குமரேசன் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் வேறு விதமாகத் தொடங்கினேன். ‘இன்னொரு வெர்னியர்’ எங்கே கிடைக்கும்? குமரேசனின் மூலக்கோப்பை நானே ஞாயிற்றுக்கிழமை அழித்துவிட்டேன். அதன் இடத்தில் அமர்ந்திருந்த கோப்பைத் திறக்காமல், அதன் தேதியை மட்டும் பார்த்தேன். கடைசியாக மாற்றப்பட்ட நேரம்: வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.

வெள்ளிக்கிழமை. இத்தனை நாளும் அந்தத் தேதி என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. குமரேசன் பரிசோதித்துப் பதிந்தது வியாழன். ஞாயிறு காலை நான் ‘பிந்தியதே சரி’ என்று பொத்தானை அழுத்தியபோது திரையில் பதினொரு சிவப்பு வரிகள் இருந்தன என்று என் வாராந்திரக் குறிப்பு சொல்லியது. பதினொன்று என்று எண்ணிக்கையை எழுதியிருக்கிறேன். ஒரு வரியையாவது படித்தேனா? இல்லை.

யார் மாற்றியது என்பதைக் கோப்பு சொல்லாது. இரு அலுவலகங்களிலும் எல்லோரும் ஒரே பொதுப் பயனர் பெயரில்தான் நுழைவோம். அது தவறு என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தேன். வசதியாக இருக்கிறது என்று பதில் வந்தது. யாருக்கு வசதி என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

பிறகு குமரேசன் சொன்ன ‘தெரிஞ்ச நம்பர்’ நினைவுக்கு வந்தது. அந்த வாடிக்கையாளரின் சங்கிலிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிப்போம். முந்தைய சுற்றின் கோப்புறையை எடுத்து இந்தச் சுற்றின் கோப்புறையோடு ஒப்பிட்டேன். இப்படி ஒப்பிட யாருக்கும் தோன்றாது. இரண்டும் வேறாக இருப்பதுதானே இயல்பு? மூன்று மாதம் பாரம் தூக்கிய சங்கிலி கொஞ்சமாவது தேய்ந்திருக்கும். எதிர்பார்த்தபடியே ஒவ்வொரு கோப்பிலும் பத்து வரி, பதினைந்து வரி என்று வேறுபாடு இருந்தது. திரை முழுவதும் சிவப்பு. அறுந்த சங்கிலியின் கோப்பில் மட்டும் வேறுபாடு ஒரே ஒரு வரியில்தான் இருந்தது. அது பரிசோதனைத் தேதி. மற்றபடி ஒவ்வொரு கண்ணியின் அளவும், புள்ளிக்குப் பின்னுள்ள கடைசி எண்வரை, மூன்று மாதத்துக்கு முந்தியதே.

யாரோ ஒருவர் பழைய கோப்பைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி, புதிய கோப்பின் பெயரில் சேமித்திருக்கிறார்.

வேறுபாட்டைத் தேடுவதற்குத்தான் நமக்குப் பயிற்சி தருகிறார்கள். வேறுபாடு இருந்தே ஆக வேண்டிய இடத்தில் அது இல்லாவிட்டால் திரை மௌனமாக இருக்கும், சிவப்பில் எதையும் காட்டாது. அந்த மௌனத்தைக் கண்டுகொள்ள அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும். அதற்காகத்தான் உங்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

அச்செடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனேன். எங்கள் காவலர் ஹனிபா அண்ணன். வந்துபோகிறவர்களின் பதிவேட்டை ஒரு நாள்கூட விடாமல் எழுதுகிறவர். அந்த வெள்ளிக்கிழமையின் பக்கத்தைக் கேட்டேன்.

“வெள்ளிக்கெழம யாரு வருவா தங்கச்சி? தொழுகைக்கு முன்ன இன்னொரு காவல்காரர், அதுக்கப்புறம் நானு, நாள் பூரா அந்தப் பூனை” என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ‘வருகை: இல்லை’ என்று இருந்தது.

“பூனைகிட்ட கையெழுத்து வாங்கலயா அண்ணே?”

“அது மேனேஜர் கிரேடு. கையெழுத்தெல்லாம் போடாது” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “குமரேசன் விசயமா? அந்தப் பக்கத்தப் போட்டோ எடுத்துக்க. நான் சொன்னேன்னு சொல்லு. எனக்கென்ன பயம்?” என்றார். அந்த நிறுவனத்தில் அந்த வாரம் நான் கேட்ட ஒரே ஆண்மையுள்ள பேச்சு அது.

மேலாளரின் அறைக்குப் போய் இரண்டு சுற்றுகளின் ஒப்பீட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் நிதானமாகப் பார்த்தார். எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. உண்மையைக் கண்டவுடன் மனிதர்கள் வெட்கப்படுவார்கள் என்று, அவ்வளவு படித்தும், நான் நம்பியிருந்தேன்.

“பாத்தீங்களா மேடம்?” என்றார் சிரித்துக்கொண்டே. “நான் சொல்லல? இவன் சோம்பேறி. போய் அளக்கவே இல்ல. பழைய நம்பர அப்படியே காப்பி பண்ணி வச்சிருக்கான். நல்ல எவிடன்ஸ் கொண்டாந்திருக்கீங்க.”

ஒரு மனிதரைக் காப்பாற்ற நான் கொண்டுபோன காகிதத்தையே அவர் இன்னொரு கல்லாக எடுத்துக்கொண்டார். அந்தக் கணத்தில் நான் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால், வயதான பெண்மணி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று கோப்பை மூடியிருப்பார். ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

“சரி பாஸ். காப்பி பண்ணினது எப்போ?”

“எப்போன்னா?”

“வெள்ளிக்கெழம சாயந்தரம் நாலு பன்னெண்டுக்கு. நேரம் இங்க இருக்கு. இது ஹனிபா அண்ணனோட பதிவேடு. அன்னிக்கி நம்ம கேட்டுக்குள்ள யாரும் வரல. இன்ஸ்பெக்டருங்க வீட்டுலேர்ந்து நம்ம சிஸ்டத்துக்குள்ள நுழைய முடியாது, நீங்கதான் அத நிப்பாட்டி வச்சிருக்கீங்க. அப்போ வெள்ளிக்கெழம இந்த ஃபோல்டர யாரால தொறக்க முடியும்?”

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

“ஒருத்தராலதான் முடியும்னு சொல்லல. ஒரு எடத்துலேர்ந்துதான் முடியும். அன்னிக்கித் தொறந்திருந்தது சிங்கப்பூர் ஆபீஸ்தான்” என்றேன்.

“மேடம், அது... கஸ்டமர் அன்னிக்கே சர்ட்டிபிகேட் வேணும்னு அங்க போன் மேல போன் போட்டாங்க. ஒரு சங்கிலிக்காக மொத்த பேட்சும் நிக்கிது. அவுங்க என்ன பண்ணுவாங்க?”

கேட்டீர்களா? அவருக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கிய காலையிலேயே தெரிந்திருந்தது. ஞாயிறு காலை நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன் என்பது தெரிந்துதான், இரண்டும் ஒன்றா என்று கேட்டார். விடை தெரிந்த கேள்வியை என்னிடம் கேட்டு, விடைக்குக் கீழே என் பெயரை வாங்கிக்கொண்டார். நசுங்கிய இருக்கையில் அந்த ஓட்டுநர் உட்கார்ந்திருந்தால், என் கையெழுத்து குமரேசனைச் சிறைக்கே அனுப்பியிருக்கும்.

“என்னோட அறிக்கைய நான் திரும்ப வாங்கிக்கிறேன். புதுசா ஒன்னு எழுதித் தரேன். ஒரு வரியில இருக்காது” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மூன்று பக்கம் எழுதினேன். யாரையும் ஏசவில்லை. எந்தக் கோப்பு, எந்த நேரம், எதோடு ஒத்தது, எதோடு ஒத்திருக்கக் கூடாது என்று மட்டும் எழுதினேன். முதல் பத்தியில் என் தவறை வைத்தேன்: ஒன்றின் நகலை அதனோடேயே ஒப்பிட்டு, வேறுபாடில்லை என்று சான்றளித்தது நான், மூலக்கோப்பை அழித்த பொத்தானை அழுத்தியதும் நான். இதை முதலில் வைத்ததால்தான் மற்றவற்றை யாராலும் தள்ளிவிட முடியவில்லை என்று பின்னால் தோன்றியது. அறிக்கையை இரு அலுவலகங்களுக்கும், எங்களைத் தணிக்கை செய்யும் வெளியாருக்கும் அனுப்பினேன்.

அடுத்த வாரம் குமரேசனை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். மன்னிப்பு இல்லை. ‘பதிவேற்றத்தில் நேர்ந்த தொழில்நுட்பக் குழப்பம்’ என்று சிங்கப்பூரிலிருந்து இரண்டு வரி வந்தது. தொழில்நுட்பமாம்! பழைய கோப்பைத் திறந்து தேதியை மாற்றிய விரல்களுக்கு அந்தப் பெயர். மேலாளர் என்னிடம் வந்து, “குற்றச்சாட்டுக் கடிதத்தத் திரும்ப வாங்கியாச்சு, அவரோட ஃபைல்லேர்ந்து அழிச்சாச்சு. ஹபிஸ் செரித்தா லா, மேடம்” என்றார். கதை முடிந்ததாம்.

நானும் முடிந்தது என்றே எண்ணினேன். ஞாயிறு காலை வழக்கம்போல் ஒப்பீட்டைத் தொடங்கினேன். பணியாளர்களின் கோப்புறையும் இதே வழியில்தான் பாலத்தைக் கடந்து போய்வரும். இப்போதெல்லாம் நான் சிவப்பு வரிகளை எண்ணுவதில்லை, படிக்கிறேன். அன்று ஒரே ஒரு வரிதான் இருந்தது.

‘குமரேசன், குற்றச்சாட்டுக் கடிதம். சிங்கப்பூரில் உண்டு. ஜொகூரில் இல்லை.’ அதன் அருகில் மென்பொருளின் பரிந்துரை: ‘நகலெடு.’

எங்கள் பக்கம் அழித்திருந்தார்கள். அவர்கள் பக்கம் அப்படியே இருந்தது. பொத்தானை அழுத்தினால் கடிதம் எங்கள் கோப்புறைக்குத் திரும்பி வந்து உட்காரும். மறுபடி அழித்தால் அடுத்த ஞாயிறு மறுபடி வரும். அவருடைய உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தலைமை அலுவலகம் திறந்து பார்க்கப்போவது அந்தக் கோப்புறையைத்தான். காரணம் என்ற இடத்தில் என் வரி அங்கே இன்னும் உயிரோடு இருந்தது.

நான் பொத்தானை அழுத்தவில்லை. அந்த வார அறிக்கையில் எழுதினேன்: ‘வேறுபாடு: ஒன்று. திரும்பப் பெற்றதாக அறிவிக்கப்பட்ட குற்றச்சாட்டுக் கடிதம் தலைமை அலுவலகத்தில் நீக்கப்படவில்லை.’

“ஒரே ஒரு ஃபைலுக்காகவா மேடம்?” என்றார் மேலாளர். “தா அபா, பரவால்ல, அடுத்த வாரம் சொல்லிக்கலாம்.”

அடுத்த வாரமும் எழுதினேன்: ‘வேறுபாடு: ஒன்று.’ அதே சொற்கள், ஓர் எழுத்து மாறாமல். அதற்கடுத்த ஞாயிறும் எழுதினேன். தணிக்கையாளர்கள் வருவதற்கு நான்கு நாள்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை மேலாளர் என் மேசைக்கு அருகில் நின்றுகொண்டே சிங்கப்பூரைத் தொலைபேசியில் அழைத்தார். அழிக்கச் சொன்னார். அவர் பேசி முடித்ததும் நான் குமரேசனை உள்ளே கூப்பிட்டேன். மேலாளர் அங்கே நிற்க விரும்பவில்லை, போய்விட்டார்.

மழையில் வந்திருந்தார் குமரேசன். தலைக்கவசத்தைக் கழற்றாமல் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். இரண்டு கோப்புறைகளையும் அவர் கண்ணெதிரே ஒப்பிட்டேன். திரையில் ஒப்பீட்டின் பட்டை ஓடியது, நின்றது. திரை வெறுமையாக இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார்.

“என்னக்கா, ஒன்னுமே இல்லையே?”

“இல்லதான். அது ஒன்னும் இல்லாமப் போறதுக்குத்தான் மூனு வாரம் ஆச்சு.”

அவர் இன்னும் சற்று நேரம் அந்த வெறும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “இன்னொரு தடவ அழுத்துங்கக்கா” என்றார்.

அழுத்தினேன்.